பென்னி குவிக்கா, பென்னி குக்கா?

தேனி மாவட்டத்து மாணவர்களுக்குக் கர்னல் ஜான் பென்னி குவிக்கை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மேற்கே பாய்ந்து கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து ஏறத்தாழ 5,700 அடி நீளமுள்ள சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பிவிட்ட பொறியாளர் அவர். 1895ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அந்த அணை திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் வயல்கள் அந்தத் தண்ணீரை நம்பியவை. தேனியின் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். கூடலூரைத் தாண்டிக் குமுளி மலைப்பாதை தொடங்கும் லோயர் கேம்ப்பில் 2013ஆம் ஆண்டிலிருந்து அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்த நாள் ஜனவரி 15. அது தைப் பொங்கலை ஒட்டியே வருவதால், அவர் படத்தின் முன் பொங்கல் வைக்கும் ஊர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டிய குடும்பங்களும் உண்டு.

இவ்வளவு உரிமையோடு வழங்கும் இந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது? சுவரொட்டிகளைப் பாருங்கள். ஒன்றில் ‘பென்னி குவிக்’, அடுத்ததில் ‘பென்னி குயிக்’, வேறொன்றில் ‘பென்னி குக்’. ஆங்கிலத்தில் அவர் தம் பெயரின் பின்பாதியை சி, யு, ஐ, சி, கே என்னும் ஐந்து எழுத்துகளால் எழுதினார். அதைப் படிக்கும் எவருக்கும் ‘விரைவு’ என்று பொருள்படும் ‘குவிக்’ என்ற ஆங்கிலச் சொல்தான் நினைவுக்கு வரும். அப்படியிருக்க, ‘குக்’ என்ற ஒலிப்பு எங்கிருந்து வந்தது?

நேரே விடையைச் சொல்லிவிடலாம். இந்தப் பெயர் பிறந்த மண்ணில் அதன் ஒலிப்பு ‘பென்னி குக்’ என்பதுதான். அழுத்தம் முதல் அசையான ‘பெ’ என்பதன் மேல் விழும்.

குயில் கூவிய குன்று

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குத் தெற்கே பத்து மைல் தொலைவில் ஒரு சிறு நகரம் இருக்கிறது. அதற்கும் இதே பெயர்தான். நகரத்தின் பெயரில் ஓர் ‘என்’ குறையும்; ‘ஒய்’ இருக்கும் இடத்தில் ‘ஐ’ இருக்கும்; கடைசி ‘கே’க்கு முன்னால் ‘சி’ இராது. அங்கு வாழ்பவர்கள் தங்கள் ஊரைப் ‘பென்னிகுக்’ என்கிறார்கள். ஊர்ப்பெயரே குடும்பப் பெயராகி, பிறகு உலகெங்கும் பரவியது. நம் பொறியாளர் பிறந்தது ஸ்காட்லாந்தில் அல்ல, 1841ஆம் ஆண்டு பூனாவில். ஆனால் பெயர் அந்த ஊருடையது.

‘பென்னி’ என்றதும் ஆங்கில நாணயத்தையும், ‘குக்’ என்றதும் சமையல்காரரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டுக்கும் இதில் பங்கில்லை. ஆங்கில மொழி அங்கே வந்து சேருவதற்கு முன்பு அந்த நிலப்பகுதியில் வேல்ஸ் மொழிக்கு உறவான ஒரு பழைய மொழி வழங்கியது. அதில் ‘பென்’ என்றால் தலை, மேடு, குன்று. ‘கோக்’ என்றால் குயில் இனத்துப் பறவை ஒன்று. அதன் கூவலைக் கேட்டே அந்தப் பெயர் அமைந்தது. ஆகவே அந்த ஊரின் பெயருக்குக் குயில் குன்று என்று பொருள். தமிழில் ‘குயிக்’ என்று தவறாக எழுதியவர்கள் தம்மை அறியாமலே குயிலுக்கு அருகில் போய்விட்டார்கள்! (ஐரோப்பாவின் குயிலும் நம் தோப்புகளில் கூவும் கருங்குயிலும் ஒரே பறவை அல்ல. ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, அவ்வளவே.)

ஒலி ‘குக்’ என்றால் நடுவில் ‘ஐ’ எழுத்துக்கு என்ன வேலை? இதைத் தமிழ் படித்தவர்களுக்கு விளக்குவது எளிது. ‘கா’ என்று எழுதும்போது ‘க’வுக்குப் பக்கத்தில் ஒரு துணைக்கால் போடுகிறோம். அந்தக் காலை யாராவது தனியாக உச்சரிக்கிறார்களா? இல்லை. ‘முன்னால் இருக்கும் எழுத்தை நீட்டிப் படி’ என்று அது நமக்குச் சொல்கிறது. அதோடு அதன் வேலை தீர்ந்தது. பழைய ஸ்காட்லாந்து எழுத்தர்கள் ‘ஐ’ எழுத்தை ஏறக்குறைய இந்த வேலைக்கே பயன்படுத்தினார்கள். ஓர் உயிரெழுத்துக்குப் பின்னால் ‘ஐ’ வந்தால், முன்னெழுத்து நெடில் என்று அடையாளம். புத்தகத்தைக் குறிக்கும் ‘புக்’ என்ற சொல்லைக்கூட அவர்கள் பி, யு, ஐ, கே என்று எழுதுவதுண்டு. இந்த மரபை அறியாதவர் கண்ணுக்கு அந்தத் துணைக்கால் தனி எழுத்தாகத் தெரிகிறது. ‘உ’வையும் ‘இ’யையும் சேர்த்துப் படித்துக் ‘குவிக்’ என்று ஆக்கிவிடுகிறார்.

இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலேயே இந்தப் பெயரை எழுத்துப்படி ‘குவிக்’ என்று சொல்லுகிறவர்கள் உண்டு; ஒலிப்பு அகராதிகளும் அதைக் குறித்திருக்கின்றன. தொல்லையே வேண்டாம் என்று, கேட்கிறபடியே இரண்டு ‘ஓ’ போட்டு எழுதிக்கொண்ட குடும்பங்களும் இருக்கின்றன.

காதால் வந்த பெயரும் கண்ணால் வந்த பெயரும்

வெள்ளைக்காரர்களின் பெயர்கள் எல்லாவற்றிலும் நாம் இப்படித் தடுமாறவில்லை என்பதைக் கவனியுங்கள். 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் தாமஸ் மன்றோ. அவர் பெயரின் ஆங்கில எழுத்துகளை மட்டும் பார்த்திருந்தால் ‘முன்ரோ’ என்றுதான் படித்திருப்போம். ஆனால் தமிழர்கள் ‘மன்றோ’ என்றார்கள். ஆங்கில ஒலிப்பும் அதுவே. காரணம், அது காதால் வந்த பெயர். ஊர் ஊராகக் குதிரையில் போய்க் குடிகளோடு பேசிய அதிகாரி அவர். ராயலசீமைப் பகுதியில் பிள்ளைகளுக்கு ‘மன்றோலப்பா’ என்றுகூடப் பெயர் வைத்தார்கள்.

பென்னி குக்கின் பெயர் நம்மிடம் பெரும்பாலும் கண்ணால் வந்தது என்றே நான் எண்ணுகிறேன். மலையில் கல் சுமந்த தொழிலாளிக்கு அவர் ‘துரை’. பெயர் சொல்லி அழைக்கும் வழக்கமில்லை. பிற்காலத்தில் புத்தகங்களிலும் அரசாங்க ஏடுகளிலும் அச்சில் பார்த்து அந்தப் பெயரைத் தமிழில் எழுதியபோது, ஒலி வழியில் எங்கோ தவறிவிட்டது.

காதால் வந்த பெயர்களும் மாறாமல் இருப்பதில்லை. சென்னையில் 1896ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெரிய நூலகத்துக்கு முன்னாள் கவர்னர் கானமாரா பிரபுவின் பெயரை வைத்தார்கள். நம் நாவில் அது ‘கன்னிமாரா’ ஆயிற்று. ஏழு கன்னிமாருக்குக் கோயில் கட்டிக் கும்பிடும் நாட்டில் வேறு எப்படி ஆகும்!

விழுங்கப்படும் அசைகள்

இனி பிரிட்டனின் மற்றப் பெயர்களுக்கு வருவோம். அங்கே நம் பொறியாளரின் பெயர் ஒரு சாதாரண உறுப்பினர்தான். எழுத்து எண்ணி ‘சோல்மொண்டெலி’ என்று நாம் படிக்கும் குடும்பப் பெயரை அவர்கள் ‘சம்லி’ என்கிறார்கள். ‘ஃபெதர்ஸ்டன்ஹா’ என்று எழுதி ‘ஃபேன்ஷா’ என்று சொல்லும் குடும்பம் உண்டு. ‘மார்ஜோரிபாங்க்ஸ்’ என்பது ‘மார்ச்பேங்க்ஸ்’. ‘காக்பர்ன்’ என்று எழுதுவது ‘கோபர்ன்’. இவற்றையெல்லாம் பெருமைக்காக வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று கேலி பேசுபவர்கள் உண்டு. அதிலே கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் அடிப்படைக் காரணம் அவர்கள் மொழியின் ஒலி அமைப்பில் இருக்கிறது.

தமிழில் ஒவ்வோர் எழுத்துக்கும் மாத்திரைக் கணக்கு உண்டு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ‘வத்தலக்குண்டு’ என்று சொல்லும்போது ஒவ்வோர் அசையும் தனக்கு உரிய காலத்தைப் பெற்றுக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அந்த நீதி கிடையாது. ஒரு சொல்லில் ஓர் அசையை ஓங்கி அழுத்துவார்கள். மற்ற அசைகள் அதன் நிழலில் மங்கிப்போகும். மங்கிய உயிரொலி ‘அ’வும் அல்லாமல் ‘எ’யும் அல்லாமல் நிறமிழந்து நிற்கும். குற்றியலுகரம் படித்தவர்களுக்கு இது புரியும். ‘காடு’ என்பதன் கடைசி உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைவதாக இலக்கணம் சொல்கிறதல்லவா? அப்படிக் குறைவது ஆங்கிலத்தில் சொல்லின் நடுவிலும் நடக்கும். நூறு, இருநூறு ஆண்டுகள் போனால் குறைந்த ஒலி முற்றும் மறைந்தே போகும்.

லத்தீன் மொழியில் ‘காஸ்ட்ரா’ என்றால் படை முகாம். ரோமாபுரிப் படைகள் பிரிட்டனில் தங்கிய இடங்கள் பிறகு ஊர்களாயின. நம் பகுதியில் லோயர் கேம்ப் என்று முகாமே ஊர்ப்பெயராகி நிற்பதைப் போல, அங்கேயும் ‘காஸ்ட்ரா’ ஊர்ப்பெயர்களின் வாலாக ஒட்டிக்கொண்டு ‘செஸ்டர்’ ஆயிற்று. மான்செஸ்டரில் அது முழுதாக ஒலிக்கிறது. வேறு சில ஊர்களில் முதல் அசையின் அழுத்தம் நடு அசையை விழுங்கிவிட்டது. எழுத்தில் ‘லெய்செஸ்டர்’, பேச்சில் ‘லெஸ்டர்’. எழுத்தில் ‘வோர்செஸ்டர்’, பேச்சில் ‘வூஸ்டர்’. ‘குளோசெஸ்டர்’ என்று தோன்றுவது ‘குளாஸ்டர்’.

புவியியல் மாணவர்கள் அறிந்த ஊர் ஒன்றும் இந்தக் கூட்டத்தில் உண்டு. 1884ஆம் ஆண்டு உலக மாநாட்டில் பூச்சியத் தீர்க்கரேகையாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கோடு எந்த ஊர் வழியாகச் செல்கிறது? ‘கிரீன்விச்’ என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். அவ்வூரில் அது ‘கிரெனிச்’. அதன் கரையில் ஓடும் ஆற்றை நாம் ‘தேம்ஸ்’ என்கிறோம். அவர்களோ ‘டெம்ஸ்’ என்கிறார்கள். அந்தப் பெயரில் உள்ள ‘ஹெச்’ ஒலித்ததே இல்லை. பழைய நூல் மொழிகளைப் போற்றிய புலவர்கள் காலத்தில், கிரேக்கச் சாயல் வரட்டும் என்று எழுத்தில் மட்டும் நுழைக்கப்பட்ட எழுத்து அது.

பிரெஞ்சு மொழி பேசிய நார்மன் அரசர்கள் 1066ஆம் ஆண்டு இங்கிலாந்தை வென்றார்கள். அவர்களோடு வந்த ‘போஷாம்’ என்ற பெயர் ஆங்கில நாவில் ‘பீச்சம்’ ஆயிற்று. அழகிய காட்சி என்ற பொருளில் ‘பெல்வார்’ என்று பிரெஞ்சு முறையில் எழுதப்படும் கோட்டையை உள்ளூர்க்காரர்கள் ‘பீவர்’ என்கிறார்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் சுவையாகத் தோன்றுவது ‘மென்சீஸ்’ என்ற ஸ்காட்லாந்துப் பெயர். ஸ்காட்லாந்தில் இதை ‘மிங்கிஸ்’ என்பார்கள். எழுத்தில் ‘இசட்’ இருக்கிறது. பேச்சில் அதன் சாயலே இல்லை. அங்கே பழங்காலத்தில் ‘யோக்’ என்றோர் எழுத்து இருந்தது. வால் தொங்கும் 3 போன்ற வடிவம்; ‘ய’கரத்தை ஒத்த ஒலி. அச்சு இயந்திரம் வந்தபோது அச்சுக்கோப்பவர்களின் பெட்டியில் அந்த எழுத்து இல்லை. உருவத்தில் கிட்டத்தட்ட ஒத்திருந்த ‘இசட்’டை எடுத்து வைத்து அச்சிட்டார்கள். பெயரை அறிந்தவர்கள் பழைய ஒலியிலேயே படித்தார்கள். அறியாதவர்கள் ‘இசட்’ என்று படித்தார்கள். ஆஸ்திரேலியாவின் பிரதமராக நெடுங்காலம் இருந்த ராபர்ட் மென்சீஸின் பெயர் ‘இசட்’ ஒலியோடுதான் வழங்கியது. ஆனால் அவருடைய பட்டப்பெயர் ‘மிங்’!

நம் ஓலைச்சுவடிகளிலும் இதே நிலைதான். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரமா ஏகாரமா என்று எழுத்து வேறுபாடு காட்டாது. சொல்லை முன்பே அறிந்தவரே சரியாகப் படிக்க முடியும்.

ஆங்கிலத்தில் எழுத்து ஏன் திருத்தப்படவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கேக்ஸ்டன் என்பவர் 1476ஆம் ஆண்டு லண்டனையடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அதன் பிறகு எழுத்து மெல்ல மெல்ல உறைந்து நின்றது; நாக்கு தன் வழியே போய்க்கொண்டிருந்தது. சாதாரணச் சொல்லுக்காவது அகராதி உண்டு. பெயருக்கு உரியவர் சொல்வதே சட்டம். நிலப் பத்திரத்திலும் தேவாலயப் பதிவேட்டிலும் உள்ள எழுத்தை மாற்ற எந்தக் குடும்பம் சம்மதிக்கும்? வானொலி வந்த பிறகு செய்தி வாசிப்பவர்கள் பாடு திண்டாட்டமாயிற்று. பி.பி.சி. நிறுவனம் 1926ஆம் ஆண்டு உச்சரிப்புக்கென்று அறிஞர் குழு ஒன்றை அமைத்தது. 1971ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பெயர்களின் ஒலிப்புக்காகவே தனி அகராதியும் வெளிவந்தது.

நம் வீட்டுக் கதை

அசையை விழுங்குவது ஆங்கிலேயர் வழக்கம் என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. நன்னூல் இதற்கு ‘மரூஉ’ என்றே பெயர் வைத்திருக்கிறது. அருமருந்தன்ன பிள்ளை ‘அருமந்த பிள்ளை’ ஆனதும், மலையமான் நாடு ‘மலாடு’ ஆனதும் உரையாசிரியர்கள் காட்டும் உதாரணங்கள். மலையமான் நாட்டுக்கு நேர்ந்ததும் சோல்மொண்டெலிக்கு நேர்ந்ததும் ஒன்றே. நடு வயிறு காணாமற் போயிற்று. தஞ்சாவூர் தஞ்சையாகவும், நாகப்பட்டினம் நாகையாகவும், போடிநாயக்கனூர் போடியாகவும் ஆனபோது வால் போயிற்று.

ஒரு வேறுபாடு உண்டு. நாம் சுருங்கிய பெயரைச் சுருங்கியபடியே எழுதவும் செய்கிறோம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் போடிநாயக்கனூர். பேருந்தின் நெற்றியில் போடி. இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. ஆங்கிலேயரோ போடிநாயக்கனூர் என்று எழுதிவிட்டுப் போடி என்று படிப்பவர்கள். அவர்கள் ஊருக்கு வரும் வெளியூர்க்காரன்தான் விழிக்கிறான்.

அந்த வெளியூர்க்காரன் கம்பத்துக்கு வந்தாலும் விழிக்கத்தான் வேண்டும். கம்பம் என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறோம்? சி, யு, எம், பி, யு, எம். வடக்கேயிருந்து வருபவர் இதை எழுத்துக் கூட்டிக் ‘கும்பும்’ என்று படித்தால் அவரைக் கோபித்துக்கொள்ள முடியாது. இதில் அகரம் இருக்க வேண்டிய இரண்டு இடங்களிலும் ‘யு’ ஏன் வந்தது? மன்றோவின் பெயரில் வந்த அதே காரணத்தால்தான். ஆங்கிலத்தில் கிண்ணத்தைக் குறிக்கும் ‘கப்’ என்ற சொல்லில் ‘யு’ எழுத்து அகரத்தை ஒட்டி ஒலிக்கிறது. கம்பம் என்று காதால் கேட்ட வெள்ளைக்கார அதிகாரி, தன் மொழியின் முறைப்படி, கேட்டதைக் கேட்டபடியேதான் எழுதினார். பஞ்சாபின் முதல் அசையில் ‘யு’ இருப்பதும் இதனால்தான். ஆந்திரத்தில் இன்னொரு கம்பம் இருக்கிறது. அதற்கும் ஆங்கிலத்தில் இதே ஆறு எழுத்துகள்.

1870களில் ஹண்டர் என்ற அதிகாரி, இந்தியப் பெயர்களில் குறில் அகரத்துக்கு ‘ஏ’ எழுத்தையே எழுதுவது என்று ஓர் ஒழுங்கை வகுத்தார். ஆனால் கைப்பழக்கத்தில் ஊறிப்போன பல பெயர்களை எந்த ஒழுங்காலும் அசைக்க முடியவில்லை. மென்சீஸ் குடும்பத்தார் ‘இசட்’டை விடாததுபோலக் கம்பத்துக்காரர்களும் ‘யு’வை விடவில்லை. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றுவதாக அறிவித்தது. கோயம்புத்தூர், வேலூர் முதலியவற்றுக்குத் தந்த புதிய எழுத்துகளைப் பார்த்து எழுந்த விமரிசனத்தால் சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. பெயரின் எழுத்தைத் தொட்டால் மக்கள் பொறுப்பதில்லை. இங்கிலாந்தானால் என்ன, இங்கேயானால் என்ன?

எப்படி எழுதுவது?

‘சரி, தேர்வில் எதை எழுதட்டும்?’ என்று கேட்கும் மாணவருக்கு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள்; அதற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்கள். ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போதும் புதிதாக எழுதும்போதும் ‘பென்னி குக்’ என்பதே பொருத்தம். ‘குவிக்’ என்பதை ஊர்ப் பெரியவர்கள் சொன்னால் திருத்தப் போகவேண்டாம். இத்தனை ஆண்டுகள் பள்ளத்தாக்கில் வழங்கிவிட்ட பிறகு அதுவும் ஒரு தமிழ்ப் பெயராகிவிட்டது. அந்தப் பெயரையே சூடிய பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகியும் விட்டார்கள். அவர்கள் பெயரை எப்படி உச்சரிப்பது என்பதை அவர்களேதான் முடிவு செய்ய வேண்டும்.

‘குக்’ என்று எழுதத் தீர்மானித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘பென்னிகுக்’ என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதினால், இரண்டு உயிர்களுக்கு நடுவே அகப்பட்ட ககரம் நம் வாயில் மெலிந்துவிடும். ‘அகம்’, ‘பகல்’ என்னும் சொற்களைச் சொல்லிப் பாருங்கள். ‘கண்’ என்னும்போது வரும் வல்லோசை அங்கே வராது. ஆகவே சற்று இடம் விட்டு, ‘பென்னி குக்’ என்று இரண்டு சொற்களாக எழுதினால், சொல்லின் முதலில் நிற்கும் ககரம் தன் வல்லோசையோடு ஒலிக்கும். ஸ்காட்லாந்துக் குன்றில் ஒலிக்கும் ஒலிக்கு அதுவே மிகவும் நெருங்கியது.